உன் பெயரை அடிக்க வந்த தாள்

உன் பெயரை அடித்துவிடச் சொல்லி ஒரு தாள் வந்திருக்கிறது. தலையாரி முருகேசன் நேற்றுக் காலையில் கொண்டுவந்தான். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்களாம். இறந்தவர்களின் பெயரை எடுக்க வீட்டில் உள்ள ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஒண்ணும் இல்ல பெரியப்பா, கீழ ஒரு கைநாட்டு வெச்சா போதும். மேல நான் எழுதிக்கறேன்" என்று மை டப்பாவைத் திறந்தான்.

"கைநாட்டு எதுக்குடா? கையெழுத்தே போடறேன். மேல எழுதறதையும் நானே எழுதறேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எப்பலேர்ந்து?" என்றான்.

"பங்குனியிலேர்ந்து."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு மேலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'நீக்கப்பட வேண்டியவரின் பெயர்' என்று போட்டிருந்தது. அந்த மூன்று வார்த்தையை வாசிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. வாசித்து முடித்தபோது கை எழவில்லை.

"திங்கக்கிழமை வா. எழுதி வைக்கிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டேன்.

நீ இருந்தவரை நான் உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதத் தெரியாது. தெரிந்திருந்தாலும் யாராவது உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். இப்போது எழுத வந்திருக்கிறது, நீ இல்லை. நீ போன பிறகு பொழுது சாயும் நேரத்தில் இந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பால்வாடிக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்றார்கள். அங்கே விளக்கு இருந்தது, நாலு பேர் இருந்தார்கள். அதற்காகப் போனேன். போன இடத்தில் எழுத்து ஒட்டிக்கொண்டது.

ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் வருகிறது. சின்ன ர-வா பெரிய ற-வா என்று நான் நிற்கிற இடத்தில் எல்லாம் நீ எதிரில் வந்து உட்கார்ந்துவிடுகிறாய்.

என் பெயர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இந்தப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஓர் அண்ணாமலையின் மேல்தான் விழ வேண்டும். என் அப்பா யோசிக்காமல் வைத்த பெயர் அது. அவதிப்பட்டது நீ. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு கம்மியாகிவிடும் என்று உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நீ வாழ வந்ததோ அடி அண்ணாமலைக்கு அடுத்த சின்ன ஊர். பஸ் நிற்பது அடி அண்ணாமலையில். சந்தைக்குப் போனால் திருவண்ணாமலை. கதவைத் திறந்தால் எதிரில் அண்ணாமலை. கும்பிட்டால் அண்ணாமலையார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு வேகவைத்த வேர்க்கடலை விற்க உட்காருவாய். கூட்டம் 'அண்ணாமலையாருக்கு' என்று குரல் எடுக்கும்போது வாயை மூடிக்கொள்வாய். 'அரோகரா'வுக்கு மட்டும் சேர்ந்துகொள்வாய். கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கண்டக்டரிடம் 'கடைசி ஸ்டாப்பு' என்பாய். டவுனிலிருந்து நம் ஊருக்கு வர, 'அடி' என்று சொல்லி நிறுத்துவாய். ஒருமுறை ஒரு கண்டக்டர், "அடியா? யாரும்மா அடிச்சது?" என்று கேட்டான்.

"யாரும் அடிக்கல. ரெண்டு டிக்கெட் குடு."

அவன் என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். "ஓ, சார் பேரா? உங்க பாடு கஷ்டம்தாம்மா" என்று கிழித்துக் கொடுத்தான். வீடு வரும்வரை சிரித்தோம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஓட்டு என்பது நம் தெருப் பெண்களுக்குச் செய்தியாக மட்டும்தான் வந்துசேரும். களை எடுத்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குப் போனால், "உங்க தெரு ஓட்டெல்லாம் விழுந்துடுச்சு, வெயில்ல நிக்காதீங்க" என்று மேட்டு வீட்டுக்காரர் திருப்பி அனுப்புவார். ஊரில் பெரிய நிலக்காரர் அவர். பாதிப் பேருக்கு வேலை அவர் நிலத்தில்தான். ஓட்டுச் சாவடிக்குள் ஏஜென்ட்டாக உட்காருவதும் அவர்தான். யார் போட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

எண்பத்தொன்பதில் நம் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நீங்கள் ஐந்தாறு பேர் அவரிடம் போனீர்கள். "ஓட்டே போடாத தெருவுக்குக் குழாய் எதுக்கு?" என்றாராம். "நாங்க வர்றதுக்குள்ள எங்க ஓட்டை யாரோ போட்டுடறாங்களே" என்று நீ சொன்னாயாம். அடுத்த வீட்டுத் தனம் வந்து என்னிடம் சொன்னாள். அவள்தான் உனக்குக் கூட்டாளி, அன்றும் பிறகும்.

"இந்த வாட்டி விடிஞ்சதும் போய் நிக்கறேன்" என்றாய். அப்படியே போய் நின்றாய்.

ஆனால் பட்டியலில் ஒரு கோளாறு இருந்தது. பெயர் எழுத வெளியூர் வாத்தியார் ஒருவர் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. புருஷன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். "இந்த ஊரு சாமி பேருதான்" என்றிருக்கிறாய். "அருணாசலமா?" என்றிருக்கிறார். ரெண்டும் ஒரே சாமிதானே என்று நீ தலையாட்டிவிட்டாய். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பெண்கள் வரிசையில் நீதான் முதல் ஆள். நான் ஆண்கள் வரிசையில், வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தேன். உள்ளே நடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்தது.

"பச்சையம்மாள், கணவர் அருணாசலம்" என்று அதிகாரி வாசித்தார்.

"அவ புருஷன் பேரு அது இல்ல சார். இது வேற ஆளு" என்றார் மேட்டு வீட்டுக்காரர்.

"உங்க வீட்டுக்காரர் பேரு இன்னாம்மா? நீங்களே சொல்லுங்க."

நீ சொல்லவில்லை. உன் வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன். பிறகு கையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே நின்ற மலையைக் காட்டினாய். அதிகாரி எந்த ஊர்க்காரரோ, எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"வெளியில யாரும் இல்லையேம்மா."

"அது சார். அதுதான்."

"மலையா? உங்க வீட்டுக்காரர் மலையா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மேட்டு வீட்டுக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் இரண்டு எட்டு வைத்து உள்ளே போய், 'நான்தான் சார் அண்ணாமலை' என்று சொல்லியிருக்கலாம். ஆம்பளைகள் சிரிக்கும்போது தனியாக நிற்கக் கூச்சமாக இருந்தது. நானும் சிரித்தேன்.

நீ விரலில் மை இல்லாமல் வீட்டுக்குப் போனாய். நான் மையோடு வந்தேன். சோறு போட்டாய். தட்டை எடுக்கும்போதுதான் கேட்டாய்: "நீங்களும் சிரிச்சீங்க இல்ல?"

அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். ஆமாம், சிரித்தேன்.

மறுநாளிலிருந்து நீ வேறு ஆளாகிவிட்டாய். கடலைக்கொல்லையில் களை எடுக்கும்போது ஒவ்வொருத்தியாக விசாரித்தாய். காசியம்மாளுக்கு அவள் பெயரே பட்டியலில் இல்லை, 'குப்பன் மனைவி' என்று மட்டும்தான் இருந்தது. பொன்னியின் புருஷன் பெயர் முருகன். அவள் சாவடியில் கைச்சாடையாகவே குன்றைக் காட்டி, வேலைக் காட்டி, மயிலைக் காட்டி, கடைசியில் அழுதுகொண்டு திரும்பியவளாம். கேட்டுக்கொண்டே போனால் உன்னோடு பதினோரு பேர் ஆனார்கள். தெருவில் அருணாசலத்தை வைத்து உனக்குக் கேலி வேறு. "இன்னாக்கா, உன் ரெண்டாவது வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்பாள் தனம். "அவரு நல்லவரு, வீட்டுக்கே வர்றதில்ல" என்பாய்.

பெயரைத் திருத்த டவுனுக்கு நடந்தீர்கள். அந்த முறையை யார் கண்டுபிடித்தது என்று தெரியாது, நீதான் என்கிறாள் தனம். ஜோடி ஜோடியாகப் போவது. உன் புருஷன் பெயரை அவள் சொல்வாள், அவள் புருஷன் பெயரை நீ சொல்வாய். ஆபீஸில் இருந்தவர் உன்னைக் கேட்டபோது தனம் முந்திக்கொண்டாளாம்.

"அண்ணாமலை சார். எழுதிக்குங்க."

"நீ யாரும்மா?"

"நான் கூட வந்தவ."

"ஏன், அவங்களுக்கு வாய் இல்லையா?"

"வாயெல்லாம் ஜாஸ்தியாவே இருக்குது சார். அந்தப் பேருக்கு மட்டும் தொறக்காது."

அவரே சிரித்துவிட்டு, பதினோரு பேருக்கும் எழுதிக்கொண்டாராம்.

மேட்டு வீட்டுக்காரர் என்னைக் களத்துமேட்டில் நிறுத்தினார். "இன்னாடா, உன் பொண்டாட்டி ஊரைக் கூட்டிக்கினு டவுனுக்குப் போறாளாம்? அடக்கி வை. இல்லனா நீயும் அவளும் வேற எடத்துல வேலை தேடிக்குங்க." நான் வந்து உன் மேல் பாய்ந்தேன். ஒரு ஓட்டுக்கா இவ்வளவு, அது இருந்தால் என்ன, போனால் என்ன என்று கத்தினேன். நீ கடலை உரித்துக்கொண்டே சொன்னாய்: "ஒண்ணுதான். ஆனா அது என் பேர்ல இருக்குது."

அவர் சொன்னபடியே செய்தார். அந்தப் பருவம் முழுக்க நாம் அடுத்த ஊருக்கு நடந்து போய் வேலை செய்தோம். நான் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நீ முன்னால் நடந்தாய்.

இரண்டு வருடம் கழித்து அடுத்த தேர்தல். பட்டியலில் இப்போது பதினோரு பேரின் பெயரும் சரியாக இருந்தது. விடிந்ததும் ஜோடி ஜோடியாக நின்றீர்கள். முதல் ஜோடி நீயும் தனமும். "பச்சையம்மாள், கணவர் பெயர்?" என்று கேட்டதும் தனம் வாயெடுத்தாள். மேட்டு வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "ஒருத்திக்கு இன்னொருத்தி சொல்லக் கூடாது சார். அவளே சொல்லட்டும். இல்லனா யாரு யாருன்னு எப்படித் தெரியும்?"

அதிகாரி யோசித்தார். "அவர் சொல்றது சரிதாம்மா. நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

இந்த முறை நான் வரிசையை விட்டு உள்ளே ஓடினேன். "சார், நான்தான் இவ வீட்டுக்காரன். என் பேரு..." என்று ஆரம்பித்தேன். "பெரியவரே, வெளியில போங்க. உங்களைக் கேக்கல" என்று காவலர் என் தோளைப் பிடித்தார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. உனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். நீ திரும்பினால் அத்தனை பேரும் திரும்ப வேண்டும். சொன்னால் என் ஆயுசு. நீ அதை உண்மையாகவே நம்பியிருந்தாய்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். "அண்ணாமலை."

மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் பின்னால் நின்ற காசியம்மாளுக்குக் கேட்டுவிட்டது. இந்த மண்ணில் பிறந்தவள், அந்தப் பெயர் காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அரோகரா!" என்றாள். வரிசை முழுவதும், ஆம்பளை பொம்பளை எல்லோரும், "அரோகரா" என்றார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிரிப்பில் நீயும் இருந்தாய். உன் விரலில் மை வைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் வந்து தன் புருஷன் பெயரைத் தானே சொன்னாள். பொன்னி 'முருகன்' என்று கத்தியது தெருமுனை வரை கேட்டதாம்.

குழாய் அந்த வருடமே வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வெகுநாள் கழித்துத்தான் வந்தது. ஆனால் அதன் பிறகு நம் தெரு ஓட்டு விழுந்துவிட்டது என்று யாரும் நம்மிடம் வந்து சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீ முதலில் கேட்டது, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?" என்றுதான். அந்த வாரத்திலிருந்து திங்கள்கிழமை விரதம் பிடித்தாய். நான் இருமினால் என் முகத்தைப் பார்ப்பாய். நான் வரப்பில் வழுக்கி விழுந்து கால் வீங்கியபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "பேரைச் சொன்னதுக்கு இது போதும்னு விட்டுடுப்பா" என்று மலையைப் பார்த்துச் சொன்னாய். அப்போதும் மலையிடம்தான் சொல்லுகிறாயா என்னிடமா என்று எனக்குக் கேலி செய்யத் தோன்றியது. செய்யவும் செய்தேன். நீ எவ்வளவு பயத்தில் இருந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு படம் போட்ட அட்டை வந்தது. யாரும் யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை, அட்டையைக் காட்டினால் போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை முன்னாலயே குடுத்திருந்தா இவருக்கு ஆபத்து இல்லாம இருந்திருக்கும்" என்று தனத்திடம் சொன்னாய்.

போன தை மாதம் உன்னை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தாய். இரண்டாம் நாள் சாயங்காலம் என் கையைப் பிடித்து, "நல்லவேளை, நான் முந்திக்கிட்டேன். என்னால உங்களுக்கு ஒண்ணும் வரல" என்றாய். அப்படிச் சொன்னபோது உன் முகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துப் பயம் இறங்கிப் போனதைப் பார்த்தேன். நான் இருக்கிறேன். எழுபதைத் தாண்டிவிட்டேன். நீ சொன்ன பெயர் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதை நீ இருக்கும்போதே அழுத்திச் சொல்லி, அந்தப் பயத்தை எடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் கேலி செய்தேன்.

போன வாரம் வகுப்பில் ஒரு பாடம் வந்தது. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று முதல்முதலில் கேட்டவர்களைப் பற்றி. கடல் தாண்டி எங்கேயோ பெண்கள் சிறைக்குப் போனார்களாம். நம் ஊர்ப் பக்கத்திலும் படித்த பெண்கள் மனு எழுதினார்களாம். டீச்சர் சின்னப் பெண், "உங்க ஊர்ல அந்த மாதிரி யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டது. எல்லோரும் இல்லை என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். சொல்ல ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப எழுதிக் குடுங்க ஐயா. பெண்கள் கூட்டத்துல படிக்கலாம்" என்றது. பதினோரு பேரையும் எழுதச் சொன்னது. எழுதினேன். பச்சையம்மாள், தனம், காசியம்மாள், பொன்னி என்று தொடங்கி எல்லோரையும். அதில் ஐந்து பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். புருஷன் பெயர் எதையும் பக்கத்தில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனம் வந்தாள். தாளைக் காட்டி, "நான் எழுதிக் குடுக்கப் போறதில்ல. அவ பேரு அங்கயே இருக்கட்டும்" என்றேன். அந்தப் பெயரை அங்கே கொண்டுவர நீ பட்டபாட்டுக்கு, அதை அடிக்கிற கை என் கையாக இருக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

அவள் தாளை என் பக்கமே தள்ளினாள். பிறகு, "இருந்தா வேற யாராச்சும் போட்டுடுவாங்க மாமா" என்றாள். "அதுக்கா அக்கா அவ்ளோ தூரம் நடந்துச்சு?"

அன்று சாயங்காலம் எழுதினேன். நீக்கப்பட வேண்டியவரின் பெயர்: பச்சையம்மாள். எழுத்து கோணக் கூடாது என்று முதலில் பழைய நோட்டில் நான்கு முறை எழுதிப் பார்த்துக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். அந்த வார்த்தைக்கு எந்த ற என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். உன் ஓட்டை இனி யாரும் போட முடியாது.

இன்று திங்கள்கிழமை. முருகேசன் வந்து தாளை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "எல்லாம் நீங்களே எழுதினதா பெரியப்பா? ஒரு தப்பு இல்ல. ஆபீஸ்ல இருக்கறவங்களே இப்படி எழுத மாட்டாங்க" என்றான்.

எனக்கு வந்த சந்தோஷத்தை இந்த வயதில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவனை அனுப்பக்கூட இல்லை. உன்னிடம் சொல்வதற்காக வீட்டுக்குள் திரும்பிவிட்டேன்.